நோக்கம்: ரோமாபுரி அடிமை

ஜேர்மன் பாஷையில் நான் முதன்முதல் பிழையில்லாமல் பேசப் பழகிய வசனம், "எசமான், அடிக்காதேயுங்கள், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்" என்பதுதான். பாண் வாங்கப் போகிறவனுக்கு இது எதற்கு? பேக்கரிக்காரிக்கு முன்னால் நின்று இதைச் சொன்னால் அவள் பொலிசைக் கூப்பிடமாட்டாளா? ஆனால் எங்களுக்கு வாய்த்த வாத்தியார் அப்படி. அவரை நொந்து பயனில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு. டோர்ட்மண்டில் பழைய சுரங்கத் தொழிலாளர் விடுதி ஒன்றை அகதிகளுக்கான ஹைம் ஆக்கி, அறைக்கு நாலு பேராக எங்களை அடைத்து வைத்திருந்தார்கள். வேலை செய்யக்கூடாது. அனுமதியில்லாமல் நகர எல்லை தாண்டக்கூடாது. தின்னலாம், படுக்கலாம், ஜன்னலால் எட்டிப் பார்க்கலாம். இவ்வளவுதான் எங்கள் உத்தியோகம்.

அந்த நாட்களில் எனக்கு ஒரேயொரு ஆசைதான் இருந்தது. ஹனோவருக்குப் போய் என் அக்காவைப் பார்க்கவேண்டும். நாங்கள் இருவரும் ஒரே விமானத்தில் கிழக்கு பெர்லினில் வந்து இறங்கி, ஒரே ரயிலில் மேற்குப் பக்கம் கடந்து, ஒரே ஜன்னலுக்கு முன்னால் நின்று அகதியென்று பதிந்தவர்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி, வளர்ந்த அக்காவும் தம்பியும் குடும்பக் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார். புருஷன் பெண்சாதி, சின்னப் பிள்ளைகள், இவைதானாம் குடும்பம். அக்காவுக்கு ஹனோவர் விழுந்தது, எனக்கு டோர்ட்மண்ட். அதற்குப் பிறகு அக்கா எனக்கு ரெலிபோனில் வரும் ஒரு குரல் மட்டும்தான். ஊரில் எந்நேரமும் சண்டை பிடித்துக்கொண்டிருந்த எங்களுக்குச் சண்டை பிடிக்கக்கூட ஆளில்லாமல் போயிற்று.

ஹனோவருக்குப் போக அனுமதி கேட்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த ஜேர்மன் அம்மா கெட்டவ இல்லை. ஒவ்வொரு முறையும் பொறுமையாகத்தான் கேட்பா.

"அக்காவுக்குக் கடும் வருத்தமா, ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா?"

"இல்லை."

"கலியாணமா?"

"இல்லை."

"இறந்துவிட்டாரா?"

"ஐயோ, இல்லை!"

"அப்படியானால் காரணம் இல்லையே" என்று மிகவும் கவலையோடு என்னைப் பார்ப்பா. அக்கா சாகாமல் இருப்பது என் பிழை என்பதுபோல் நான் எழும்பி வருவேன்.

களவாகப் போய் வந்தவர்கள் இல்லாமலில்லை. நானும் போகலாமென்று ரெலிபோனில் சொல்லிப் பார்த்தேன். அக்கா சீறி விழுந்தா. "களவாய் வந்தியெண்டால் நான் கதவு திறக்கமாட்டன். பிடிபட்டால் உன்ரை அகதி வழக்கும் போச்சு, என்ரை வழக்கும் போச்சு. வாறதெண்டால் நேர்வழியாலை வா." அக்கா சொன்னால் சொன்னதுதான். கதவு உண்மையாகவே திறக்காது.

இப்படி இருக்கையில்தான் வாத்தியார் வந்தார். புதன்கிழமைகளில் எங்களுக்கு ஜேர்மன் படிப்பித்த தேவாலயத்து அம்மா பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டா. தனக்குப் பதிலாகத் தன் புருஷனை அனுப்பிவைத்தா. அவர் பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகத்தில் லத்தீன் பேராசிரியர். கோட்டின் பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்று பூட்டியிருக்கும். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திச் செத்துப்போன ஆட்களைச் சிரிக்கவைக்கிற ரோமாபுரிப் பகிடி நாடகக்காரன் ஒருவனைத்தான் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர். நேற்றுத்தான் அவனோடு தேத்தண்ணி குடித்தவர்போலக் கதைப்பார். உயிரோடு இருக்கிற மனிதர்களின் பேச்சு அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. அதனால் அந்த நாடகங்களில் வரும் அடிமைகள், சமையற்காரர், பெருமை பீற்றும் பட்டாளத்தான் இவர்களுடைய பேச்சைத்தான் ஜேர்மனில் மாற்றி எங்களுக்குப் படிப்பித்தார். எங்கள் ஹைமில் ஒருவருக்கும் டொக்டரிடம் போய் வயிற்றுவலி என்று சொல்லத் தெரியாது. ஆனால் எசமானை ஏமாற்றி நெய்க்குடத்தைத் திருடுவது எப்படியென்று எல்லோரும் சரளமாகச் சொல்வோம்.

இரண்டாவது வகுப்பில் வினைச்சொல் ஒன்றைக் கரும்பலகையில் அட்டவணையாக எழுதி, "சேர்ந்து சொல்லுங்கள்" என்றார். எங்களுக்கு அட்டவணை என்றால் ஒன்றுதான் தெரியும், வாய்ப்பாடு. ஒருவர் தொடங்கினார், மற்றவர்கள் பிடித்துக்கொண்டோம். நான் போகிறேன், நீ போகிறாய் எல்லாம் ஒன்றாம் வகுப்பு மெட்டில், தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, கடைசிச் சொல்லை இழுத்து, ஒரே ராகமாய்ப் போயிற்று. பேராசிரியரின் கையிலிருந்த வெண்கட்டி கீழே விழுந்தது.

"இன்னொருமுறை" என்றார். பாடினோம். "இன்னும் ஒருமுறை." பாடினோம். மனிசனுடைய கண் கலங்கிவிட்டது.

அடுத்த கிழமை ஒரு ரேப் ரெக்கோடரோடு வந்தார். அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். அந்த நாடகங்களில் பாதி, பாட்டு. மெட்டுத் தொலைந்துபோயிற்று. லத்தீனில் குறிலும் நெடிலும் உண்டு, குறிலைக் குறுக்கி நெடிலை நீட்டிப் பாடவேண்டும். ஜேர்மன் மாணவர்களுக்கு அது வராது. எதையும் ஆணி அடிப்பதுபோல அடித்துச் சொல்லுவார்கள். நாங்களோ குறில் நெடில் தாய்ப்பாலோடு வந்தவர்கள். லத்தீன் வரிகளை எங்களிடம் தந்தபோது அர்த்தம் ஒரு மண்ணும் தெரியாமல் வாய்ப்பாட்டு மெட்டில் ஏற்றி இறக்கினோம். பேராசிரியர் எழும்பி நின்று கேட்டார்.

"இதை உங்களுக்கு யார் கற்றுத்தந்தது?"

"ஒண்டாம் வகுப்பு வாத்தியார்" என்றேன் நான்.

"அவருக்கு யார் கற்றுத்தந்தது?"

"அவரின்ரை ஒண்டாம் வகுப்பு வாத்தியார்."

பேராசிரியர் கதிரையில் இருந்துவிட்டார். ஏதோ பெரிய உண்மையைக் கண்டவர்போல் நெற்றியைத் துடைத்தார்.

எல்லோரிலும் என் தொண்டைதான் பெரிது. ஆகவே பல்கலைக்கழக மாணவர்கள் போடும் நாடகத்தில் அடிமைப் பாத்திரத்துக்கு என்னைக் கேட்டார். நான் மாட்டேன் என்றேன். என் அறையில் இருந்த அண்ணை ஒருவர், ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர், வாயைத் திறந்தால் பகிடிதான், அவரும் என் பக்கம்தான்.

"அடிமையாய்ப் போறதெண்டால் ஏன்ராப்பா இவ்வளவு தூரம் வந்தனீ? ஊரிலையே இருந்திருக்கலாமே" என்றார்.

அப்போது பேராசிரியர் கவலையோடு சொன்னார். "ஹனோவரில் அறிஞர்கள் எல்லோரும் கூடுகிறார்கள். அங்கே நடிக்கவேண்டும். நீங்கள் இல்லாவிட்டால் நாடகமே இல்லை."

ஹனோவர்! என் காதில் வேறொன்றும் விழவில்லை. "ஓம், வாறன்" என்று கத்தியேவிட்டேன். தமிழில் கத்தினேன், ஆனாலும் அவருக்கு விளங்கிற்று.

நாடகத்தின் கதை ஒன்றும் பெரிதில்லை. ஓர் அடிமை எசமானை நன்றாக ஏமாற்றுகிறான். அகப்பட்டதும் ஓடிப்போய்த் தெய்வத்தின் பலிபீடத்தில் ஏறிக் குந்திக்கொள்கிறான். பீடத்தில் இருக்கிறவனை ஒருவரும் தொடக்கூடாது, அது அந்தக் காலத்துச் சட்டம். அங்கே இருந்தபடி எசமானை நையாண்டி செய்து பாடுகிறான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு உள்ள ஏடுகளைப் பூச்சி தின்றுவிட்டது. அடிமை எப்படி இறங்கினான் என்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் பேராசிரியர், நெருப்பு மூட்டிப் புகையடித்து இறக்கினார்கள் என்பார். ஹனோவரில் இன்னொரு பேராசிரியர் இருந்தார், தாடிக்காரர். அவர், இல்லை, பொய் சொல்லி ஏமாற்றித்தான் இறக்கினார்கள் என்பார். எங்கள் ஊரில் வேலிக்காகச் சண்டை பிடித்தவர்கள் மாதிரி இரண்டுபேரும் இதற்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

"நீங்கள் இங்கே வந்து கேட்கிற அசூல், அதாவது அடைக்கலம், என்பதும் இதுதான்" என்றார் பேராசிரியர் எங்களிடம். "தொடக்கூடாத இடம்."

"அப்ப எங்கடை பீடம் எது, இந்த ஹைமோ?" என்று அண்ணை கேட்டார். "குந்தியிருக்கிறம், ஒருதரும் தொடேல்லை. அதுமட்டும் சரி."

வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆளே வந்தார், பேராசிரியர்தான். பொத்தான் மாறிய கோட்டோடு எனக்குப் பக்கத்தில் இருந்தார். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா.

"என்ன பாத்திரம்?"

"அடிமை" என்றார் பேராசிரியர்.

"சம்பளம் உண்டா? அகதிகள் வேலை செய்யக்கூடாது."

"அம்மணி, அடிமைக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா?"

அம்மா யோசித்தா. சம்பளம் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் தடை இல்லை. சந்தோசத்தோடு முத்திரை குத்தினா. ஒருநாள் அனுமதி, இரவுக்குள் டோர்ட்மண்ட் திரும்பவேண்டும். பிரயாணத்தின் நோக்கம் என்ற இடத்தில் "ரோமாபுரி அடிமை" என்று எழுதியிருந்தது. கூடப்பிறந்தவளைப் பார்க்கப் போக விடாத அரசாங்கம், செத்துப்போன ஒருவனுடைய அடிமையாகப் போக விட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அக்காவுக்கு ரெலிபோன் எடுத்து நாளையும் மண்டபத்தையும் சொன்னேன். "உண்மையான முத்திரைதானே?" என்று மட்டும் கேட்டா.

எனக்கு நகரம் தாண்ட அனுமதியில்லாததால் ஒத்திகை எங்கள் ஹைமிலேயே நடந்தது. அதில் ஒரு சிக்கல். ஒட்டுப்பலகையில் அடித்த பீடம்தான், ஆனாலும் சாமி பீடமென்று சொல்லிவிட்டார்களே! அதில் சப்பாத்துக் காலோடு ஏறிக் குந்த எனக்கு மனம் வரவில்லை. சப்பாத்தைக் கழற்றி, பீடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் ஏறினேன். பேராசிரியர் அதை உடனே குறித்துக்கொண்டார். இரண்டு ஒத்திகைக்குள் எசமானாக நடித்த நெட்டைப் பெடியன், சமையற்காரனாக நடித்த பெட்டை, விளக்குப் போடுகிறவன் எல்லோரும் வந்தவுடன் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றத் தொடங்கினார்கள். ஒரு நாள் யாரோ பூவும் வைத்திருந்தார்கள். எந்தத் தெய்வமென்று ஒருவருக்கும் தெரியாது.

ஹனோவருக்கு பஸ்ஸில் போனோம். மண்டபம் நிறைய அறிஞர்கள். எல்லோருடைய மடியிலும் நாடகப் புத்தகம் விரித்தபடி. நாங்கள் பேசுவதை வரிக்கு வரி விரலால் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். முன்வரிசையில் தாடிக்காரர் பென்சிலோடு.

பின்னால் தடியோடு எசமான் துரத்த நான் ஓடிவந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிப் பீடத்தில் ஏறிக் குந்திப் பாடத் தொடங்கினேன். நன்றாகத்தான் போனது. நடுவில் தலையைத் திருப்பினால், மூன்றாம் வரிசையில் அக்கா. சிவப்புச் சீலை, அதற்கு மேலே யாரோ தந்த ஆம்பிளைக் கோட்டு, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. முன்பைவிட மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய். என் அக்கா!

லத்தீன் அவ்வளவும் போய்விட்டது. மெட்டு மட்டும் வாயில் நிற்கிறது, சொல் இல்லை. எசமான் தடியை ஓங்கியபடி நிற்கிறான். வாய் சும்மா இருக்குமா? அந்த மெட்டுக்குச் சொந்தமான சொற்கள் தாமாகவே வந்தன.

"ஓரேழு ஏழு... ஈரேழு பதினாலு..."

மண்டபத்தில் சரசரவென்று தாள் புரளும் சத்தம். அறிஞர்கள் முன்னுக்குப் புரட்டினார்கள், பின்னுக்குப் புரட்டினார்கள், அடிக்குறிப்பைப் பார்த்தார்கள். தாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தத் தெரியவில்லை. ஏழேழு நாற்பத்தொன்பது வரை கம்பீரமாக வந்தேன். எட்டேழில் நின்றுவிட்டேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு எட்டேழு வராது.

"எட்டேழு..." என்று இழுத்தேன். "எட்டேழு..."

"ஐம்பத்தாறு!" என்று மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் வெடித்தது. அக்காவால் பொறுக்க முடியவில்லை. ஊரில் எனக்குப் பக்கத்தில் இருந்து படிக்கையில் இப்படித்தான், குட்டும் சேர்ந்து விழும். மண்டபம் முழுக்க அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அக்கா வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டா. பிறகு பொத்திய கையை எடுத்துவிட்டு என்னோடு சேர்ந்து சொன்னா, "ஒன்பதேழு அறுபத்துமூன்று, பத்தேழு எழுபது." இருவரும் தலையை ஆட்டிக்கொண்டு முடித்தோம். விளக்கு அணைந்தது. நாடகம் அவ்வளவுதான், மிச்சத்தைத்தான் பூச்சி தின்றுவிட்டதே.

அப்படியொரு கைதட்டலை நான் பிறகு கேட்டதில்லை. தாடிக்காரர் எழும்பி வந்து, எங்கள் பேராசிரியரோடு பல வருடத்துக்குப் பிறகு முதன்முறையாகப் பேசினார். "அந்தக் கடைசிப் பகுதி எந்தச் சுவடியில் இருக்கிறது?"

பேராசிரியர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "கீழைநாட்டுச் சுவடி" என்றார்.

அக்கா மேடைக்கு வந்தா. படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உது சாமி பீடமெல்லோ?" என்றா.

"பலகை அக்கா. வா, இரு."

தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தா. கட்டிப்பிடித்து அழுவதெல்லாம் எங்கள் வீட்டில் பழக்கமில்லை. பிளாஸ்டிக் பையிலிருந்து மார்ஜரீன் டப்பாவை எடுத்துத் திறந்தா. பிட்டும் உருளைக்கிழங்குப் பொரியலும். "கோதுமை மாப் பிட்டுத்தான். தின்" என்றா. நான் தின்றேன். அக்கா என் தலைமயிரைப் பிடித்துப் பார்த்து, இது என்ன கண்டறியாத வெட்டு என்று ஏசினா. அந்த ஏச்சைக் கேட்கத்தானே வந்தேன்! இருவரும் எதையெதையோ கதைத்தோம், பாதியில் சண்டையும் பிடித்தோம். ஜேர்மனிக்கு வந்தபிறகு எனக்குச் சாப்பாடு ருசித்த முதல் நாள் அது.

பஸ் சாரதி வந்து நேரமாயிற்று என்றார். நான் எழும்பவில்லை. நெட்டைப் பெடியன் வந்து கூப்பிட்டான். எழும்பவில்லை. மண்டபக் காவலாளி கதவு பூட்டத் திறப்புக்கோர்வையைக் குலுக்கிக்கொண்டு வந்தார்.

"நான் இறங்கமாட்டேன்" என்றேன் பேராசிரியரைப் பார்த்து. "இதில் இருக்கிறவனைத் தொடக்கூடாது. நீங்கள்தானே சொன்னீர்கள்."

பகிடிக்குத்தான் தொடங்கினேன். சொல்லி முடிக்கையில் அது பகிடியில்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

எங்கள் பேராசிரியரின் முகம் பிரகாசித்தது. முப்பது வருடமாகத் தேடிய காட்சி கண்ணுக்கு முன்னால்! தாடிக்காரரை ஓடிப்போய்க் கூட்டிவந்தார். இருவரும் பீடத்தைச் சுற்றி நடந்தார்கள். "புகை" என்றார் இவர். "மண்டபத்துக்குள் நெருப்பா? நடக்காது" என்றார் காவலாளி. "ஏமாற்றுவோம்" என்றார் தாடிக்காரர். என் முன்னாலேயே நின்று, என்ன பொய் சொல்லலாமென்று மாணவர்களோடு ஆலோசித்தார். ஒருத்தி, வெளியே இலவச ஐஸ்கிறீம் கொடுக்கிறார்கள் என்று கத்திப் பார்த்தாள். கார்த்திகை மாதக் குளிரில்!

அக்கா மார்ஜரீன் டப்பாவின் மூடியை அமத்திப் பூட்டினா.

"இறங்கு தம்பி."

"மாட்டன்."

"இண்டைக்கு நீ நேரத்துக்குப் போனால்தான் இன்னொருக்கா விடுவாங்கள்." டப்பாவைப் பைக்குள் வைத்தா. "எனக்கு ஒருக்காப் பாத்தது போதாதடா. இறங்கு."

இறங்கினேன். என்ன செய்ய? சப்பாத்தைப் போட்டுக்கொண்டேன், நாடா கட்ட வரவில்லை. அக்காதான் குனிந்து கட்டிவிட்டா.

இரண்டு பேராசிரியர்களும் கிட்ட வந்தார்கள். "உங்கள் அக்கா என்ன சொன்னார்?" என்று எங்களுடையவர் மெதுவாகக் கேட்டார்.

"இறங்கச் சொன்னா."

"அவ்வளவுதானா?"

"இன்னொருக்காப் பாக்கவேணும் எண்டா."

அவர் குறிப்பெடுக்கவில்லை. கோட்டுப் பையில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

பஸ்ஸில் பேராசிரியர் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். ஜன்னலுக்கு வெளியே அக்கா அந்த ஆம்பிளைக் கோட்டோடு நின்று கையைக் காட்டினா, பிறகு இருட்டுத்தான். நான் அழுதேன். வெட்கம் கெட்டுப்போய், மூக்கால் தண்ணி வடிய அழுதேன். மூக்கைத் துடைக்கத் தன் லேஞ்சியைத் தந்தார். பாதி வழி வந்தபிறகு தொண்டையைச் செருமினார்.

"அந்த நாடகத்தைப்பற்றி யோசித்தேன். அடிமை இறங்கியதோடு கதை முடியவில்லை. அவன் மறுபடியும் அதே பீடத்துக்கு ஓடுகிறான். அடுத்த வருடம் ஹனோவரில் அதையும் நடிக்கவேண்டும். அதற்கு அடுத்த வருடமும் ஓடியிருக்கலாம்."

"அப்படி ஏட்டில் இருக்குதோ?" என்றேன்.

"இல்லை" என்றார் அவர். "இனிமேல்தான் ஆதாரம் தேடவேண்டும்."